கல் உபயம்

நோட்டீசில் பத்து மணி என்று போட்டிருந்தது. பதினொன்றேகால் ஆகியும் கர்னல் வரவில்லை. வந்துகினே இருக்காராம், ரயில்வே கேட்டுல மாட்டிக்கினாராம் என்று சுபேதார் மாசிலாமணி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், சொல்லும்போதெல்லாம் தரகருக்கு உச்சந்தலை சுர்ரென்றது. நேரம் சொன்னால் நேரத்துக்கு வரவேண்டாமா. பொய்கை சந்தையில் நாலு மணி என்றால் நாலு மணிக்கு மாடு வந்து நிற்கும், மாட்டுக்குத் தெரிகிறது, மிலிட்டரிக்காரனுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்கால் ஒன்று விரிசல், சாய்ந்தால் போச்சு. முன்னால் குனிந்தே உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இத்தனை நாற்காலியில் விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுத்து எனக்குப் போட்டிருக்கிறான் பார் இந்த மாசிலாமணி, வேண்டுமென்றேதான் செய்திருப்பான், மூன்று நாள் அவனோடு மல்லுக்கு நின்றதற்குப் பழி. எதிரே பத்தடியில், கல்லேரிப்பட்டு கூட்ரோடில் பஸ் திரும்புகிற மூலையில், நினைவுச் சின்னம் நின்றது. மேலே மார்பளவு சிலை, அதற்கு வெள்ளை வேட்டி சுற்றியிருந்தது. கீழே ஆள் உயரக் கறுப்புக் கல், அதற்குக் கோணி சுற்றியிருந்தது. சிலையைப் பற்றித் தரகருக்குக் கவலையில்லை. போன மாதமே பட்டறைக்குப் போய்ப் பார்த்தாகிவிட்டது, மீசையும் தாடையும் அசல் அண்ணன்தான். கோணிதான். கோணிக்குள் கல்லின் முகத்தில், அடியில், அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா. நேற்று சாயங்காலம் லாரியில் இறக்கும்போதே கோணி சுற்றித்தான் இறக்கினார்கள். கொஞ்சம் பிரிச்சுக் காட்டேன்பா என்றதற்கு, தெறப்பு விழாவுக்கு முன்னாடி பாக்கக்கூடாது தரகரே, ஆகாது, என்றான் மாசிலாமணி. ஆகாதாம். பல்லைப் பார்க்காமல் மாட்டுக்குக் கைகொடுத்தது தன் ஐம்பத்தாறு வருஷத் தொழிலில் இது ஒன்றுதான். வரி இருந்தால் சரி. இல்லையென்றால், மைக்கைக் கொடுப்பார்கள் அல்லவா, வீரரின் சகோதரர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று, அப்போது எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது. அதைத்தான் காலையில் சவரம் பண்ணிக்கொள்ளும்போது கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்தார்.

அலோ, அலோ, மைக் டெஸ்டிங், என்று ஒருவன் ஊதினான், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் மண்ணின் மைந்தர், எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரிலே எதிரியின் பதுங்குகுழி மூன்றைத் தனி ஆளாக அழித்து வீரமரணம் எய்திய வீர் சக்ரா ஏகாம்பரம் அவர்களின் திருவுருவச் சிலை, என்று பழையபடி ஆரம்பித்தான். காலையிலிருந்து இது இருபதாவது தரமாவது இருக்கும். ஒவ்வொரு தரமும் அந்தப் பேர் காதில் விழுந்ததும் தரகரின் கழுத்து தானாகத் திரும்பியது. அடக்கினாலும் திரும்பியது. விற்றுவிட்ட மாடு பழைய வீட்டுக்காரன் குரல் கேட்டால் கயிற்றை இழுக்குமே, அந்த மாதிரி. ஏனென்றால் ஏகாம்பரம் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பேர், பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் ஏறின பேர், எட்டாங்கிளாஸ் பாஸ் சர்டிபிகேட்டில் தலைமை வாத்தியாரின் வட்ட முத்திரைக்கு மேலே எழுதியிருந்த பேர். எல்லையில் செத்தது ஏகாம்பரம் இல்லை. செத்தது அண்ணன் பொன்னுரங்கம். தம்பி சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தம்பி பேரில் பட்டாளத்தில் சேர்ந்தவன், தம்பி பேரிலேயே செத்தான். காகிதத்தில் ஏகாம்பரம் போய்விட்டதால் மிச்சமிருந்தவன் பொன்னுரங்கம் ஆனான். ரேஷன் கார்டில் பொன்னுரங்கம், ஓட்டுச்சீட்டில் பொன்னுரங்கம், சந்தையில் தரகு பொன்னுரங்கம். கட்டினவள் கூட, பாவம், பொன்னுரங்கம் பெண்டாட்டி என்றே வாழ்ந்து போய்ச் சேர்ந்தாள். அம்மா இருந்தவரைக்கும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏகு என்பாள். அவள் போனபிறகு அதுவும் இல்லை. இப்போது ஒருத்தன் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுகிறான், மறைந்த ஏகாம்பரம், அமரர் ஏகாம்பரம், டே, நான் இங்க விரிசல் நாற்காலில குந்திகினு இருக்கறண்டா.

அண்ணன் மூணாங்கிளாஸோடு நின்றவன். அவன் கட்டிக்கொள்ள நினைத்த ரஞ்சிதத்தின் அப்பன், மாட்டுத் தரகன் மகனுக்குப் பெண் கிடையாது, சர்க்கார் சம்பளக்காரன் வந்தால் பார்க்கலாம் என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டான். அறுபத்தெட்டில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். எட்டாவது பாஸ் வேண்டும், வயசு இருபத்தொன்றைத் தாண்டக்கூடாது. அண்ணனுக்கு இருபத்திரண்டு. நைனா அவனை வாசலில் நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார், ஒரு காளையைச் சந்தைக்கு ஏற்றுவதற்கு முன் பார்க்கிற அதே பார்வை. நாலு பல்லு மாட்ட ரெண்டு பல்லுன்னு வயசக் கொறச்சு நான் வித்ததில்லையா, மனுசனுக்கு எவன் பல்லப் புடிச்சுப் பாக்கறான், காயிதத்தத்தானே பாக்கறான், என்றார். ஆனால் காகிதத்தில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருந்தது, இடது முழங்காலில் தீக்காயத் தழும்பு. சின்ன வயசில் அடுப்பில் விழுந்த தழும்பு, இதோ, வேட்டிக்கு அடியில் இன்னும் இருக்கிறது. நைனா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பியைக் காய்ச்சி எடுத்து வந்தார், எதிரே உட்கார்ந்து, தன் இடதுகைப் பக்கத்துக் காலில் வைத்துவிட்டார். வைத்தபிறகுதான் அம்மா கத்தினாள், அய்யோ அது அவனுக்கு வலதுங்க. எதிரே உட்கார்ந்தவனுக்கு இடம் வலமாகும் என்பது முப்பது வருஷம் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றே சூடு போட்டவருக்குத் தோன்றவில்லை. அண்ணன் வாயில் துணியைக் கடித்துக்கொண்டிருந்தான். துணியை எடுத்தான், சிரித்தான், கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது, சிரிக்கிறான். ஒரு கால் மட்டும் சுட்டா சுழி சரியில்லாத மாடு மாதிரி இருக்கும் நைனா, அதுலயும் வெய்யி, என்றான். அந்தக் கருகல் வாசனை. இன்றைக்கும் சந்தையில் எவனாவது சூடு போட்டால் தரகர் எழுந்து தள்ளிப்போய்விடுவார். வாசனை ஆகாதா தரகரே என்று கேலி பண்ணுவார்கள். ஆகாதுடா.

மைதானத்தில் வரிசையில் நின்ற இருநூறு பேரின் முழங்காலையும் எவனும் பார்க்கவில்லை. மார்பை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். ரெண்டு காலும் வீணாச் சுட்டது. அதுகூட இல்லை. அதற்கு முந்தினது, சர்டிபிகேட் கைமாறினது, அதுதான் மனசில் முள் மாதிரி நிற்கிறது. அண்ணன் கேட்டால் சும்மா கொடுத்திருக்க வேண்டியதுதானே. கொடுக்கவில்லை. பதினெட்டு வயசுத் திமிர். இன்னா தருவே, என்று கேட்டான் ஏகாம்பரம். அண்ணன் பார்த்தான், தோளில் கிடந்த துண்டை எடுத்து ரெண்டு பேர் கைக்கும் மேலே போட்டான், சந்தையில் பெரியவர்கள் பேசுகிற மாதிரி துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். அதுதான் தரகர் தன் ஆயுசில் பேசின முதல் பேரம். அண்ணனிடம் டைனமோ விளக்கு வைத்த சைக்கிள் ஒன்று இருந்தது. அது வேண்டும் என்றான் தம்பி. விளக்கை மட்டும் எடுத்துக்கோடா, என்றான் அண்ணன். தம்பி விரலை உதறினான். உதறினால் ஒப்பவில்லை என்று அர்த்தம். கடைசியில் அண்ணன் அவன் உள்ளங்கையை அழுத்தினான். அழுத்தினால் முடிந்தது, பேச்சு மாறக்கூடாது. பதினஞ்சு வருசம்டா, பென்ஷனோட வந்துடுவேன், வந்ததும் உன் பேர உங்கிட்டயே குடுத்துடறேன், என்றான். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தான் ஏகாம்பரம், விளக்கு எரிய எரிய, ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒரு சைக்கிளையே வாங்கிவிட்டோம் என்று. அதற்குப்பிறகு எத்தனை ஆயிரம் பேரம், எத்தனை பேர் வயிற்றெரிச்சல், எத்தனை பேர் வாழ்த்து, எல்லாம் பேசி முடித்தாயிற்று. அந்த ஒன்று மட்டும் முடியவில்லை. கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் போய்விட்டான். சரி, அவன் பேர் என்னிடம் இருக்கிறதே, அதை நான் திருப்பிக் கொடுக்க வேண்டாமா. எங்கே வைத்துக் கொடுப்பது. அவனுக்கென்று உலகத்தில் இருக்கிற இடமே அந்தக் கல் ஒன்றுதான்.

இன்னா தம்பி, வாய்க்குள்ளயே பேசிக்கினு இருக்கற, என்றாள் பக்கத்து நாற்காலியில் ரஞ்சிதம் அண்ணி. அவளுக்கு மட்டும் நல்ல நாற்காலி, மேலே ஒரு சால்வை வேறு போர்த்தியிருந்தார்கள். எழுபத்தைந்து வயசு. கட்டினவனோடு இருந்தது, ரெண்டு லீவையும் சேர்த்து, நாற்பத்தெட்டு நாள். மடியில் ஒரு சின்ன வாழையிலைப் பொட்டலம், அதில் ஒரு முழம் கதம்பம். இன்னும் எவ்ளோ நேரம்னு அந்தச் சுபேதாரைக் கேக்கறேன், என்று தரகர் எழப் பார்த்தார். குந்து. நீ போனா சண்டைதான் போடுவ, என்றாள். அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோணிக்குள்ள அந்த வரி இல்லேன்னா நான் மைக்குல சொல்லிடப் போறேன். எத? எல்லாத்தயும். அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு பஸ் திரும்பியது, ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் வேட்டி சுற்றிய சிலையை எட்டிப் பார்த்தார்கள். சொல்லு, என்றாள். சொல்லிட்டு அப்பால இன்னா ஆவும்னு அதயும் மைக்குலயே சொல்லு. மெடலு எவன் பேர்ல வந்துச்சு? எனுக்கு வர பென்ஷன் எவன் பொண்டாட்டின்னு வருது? ஏகாம்பரம் பொண்டாட்டின்னுதான? நீ உயிரோட குந்திகினு நாந்தான் ஏகாம்பரம்னா, நான் யாரு தம்பி? தரகருக்குக் கோபம் தொண்டை வரைக்கும் வந்து, யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போயிற்று. அதான் இந்த வழக்கின் சனியன். எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் இந்தக் கிழவியின் கழுத்துக் கயிறு இறுகுகிறது. ஐம்பது வருஷத்துப் பென்ஷனைத் திருப்பிக் கட்டு என்பார்களோ. போலீஸ் வருமோ. மெடலைப் பிடுங்கிக்கொண்டு போவார்களோ, அவன் செத்தது நிஜம்தானே, மூன்று குழி நிஜம்தானே, பேர் பொய்யானால் சாவும் பொய்யாகிவிடுமா. யாரைக் கேட்பது. வக்கீலைக் கேட்டால் வக்கீலுக்குத் தெரிந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் ஊரில் இருபது பேராவது இருந்தார்கள், ஒருத்தரும் வாய் திறக்காமல் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்தார்கள், இப்போது பூமிக்கு மேலே தெரிந்தவர்கள் இந்த ரெண்டு நாற்காலிதான்.

அதனால்தானே உபயத்துக்குப் போனது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் சிலை வைக்கிறோம் என்று நோட்டுப் புத்தகத்தோடு மாசிலாமணி வந்தபோது, கல்லுக்கு மொத்தமும் என்னுது, ஒரு பைசா வேற எவன்கிட்டயும் வாங்காத, ஆனா ஒரு கண்டிஷன், என்றார் தரகர். கல்லுமேல பொன்னுரங்கம்னு பேர் வரணும். வருமே தரகரே, பின்பக்கம் நன்கொடையாளர் பட்டியல்னு. பின்பக்கம் சாக்கடைடா. முன்பக்கம். முன்பக்கம் வீரருக்கு மட்டும்தான், கர்னலே சொல்லிட்டாரு, என்றான் அவன். அப்ப கல்லுக்குப் பணம் கெடையாது. மூன்று நாள். டீக்கடையில், சங்கத்து வாசலில், மாசிலாமணி வீட்டுக் கொல்லையில். எல்லோரும் கேட்கக் கேட்கப் பேசினார். மூன்றாம் நாள் மாசிலாமணிக்கும் மிலிட்டரி ரத்தம் ஏறிவிட்டது. யோவ், கேக்கறேன்னு தப்பா நெனைக்காத, தம்பி உயிரக் குடுத்து வாங்கின பேரு, அண்ணன்காரன் நீ இன்னா குடுத்தேன்னு பக்கத்துல ஒட்டிக்கினு நிக்கப் பாக்கற? செத்தவன் முதுகுல போஸ்டர் ஒட்றியா? டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்தத் தரகனுக்கு வேற நாளா இருந்தால் அந்தக் கண்ணாடி கிளாஸ் மாசிலாமணி மண்டையில் உடைந்திருக்கும். கையில்தான் இருந்தது கிளாஸ். டீயைக் குடித்து முடித்தார். ஒட்டிக்கினுதான் நிக்கப் போறேன், இப்ப இன்னான்ற? கால்கிட்ட, அடியில, பொடி எழுத்துல போடு. தரகர்னு போடாத, ஊர் போடாத, வெறும் பேரு. கல் உபயம், பொன்னுரங்கம், அவ்ளோதான். தலையெழுத்து, என்று மாசிலாமணி எழுந்து போனான். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. கையை அழுத்தவில்லை, உதறவும் இல்லை. இப்படி அந்தரத்தில் விட்டுப்போகிறவனோடு எப்படிய்யா வியாபாரம் பண்ணுவது.

வெயில் ஷாமியானாவின் ஓரத்தைத் தாண்டி முழங்காலில் விழுந்தது. டிசம்பர் வெயில்தான், ஆனாலும் தழும்பின்மேல் விழுந்தால் தனியாகத் தெரியும், அந்த இடத்துத் தோல் மெல்லிசு. அண்ணனுக்கு ரெண்டு காலிலும் தெரிந்திருக்கும். அங்கே பனியாம், விரலைக் கடிக்கிற குளிராம், கடுதாசி எழுதிக்கொடுத்த எவனோ ஒருத்தன் கையெழுத்தில் வந்தது. இங்கு நான் நலம், அங்கு அண்ணன் பொன்னுரங்கம் நலமா, என்று. அவனே அவனை விசாரித்து எழுதுவான். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள் வீட்டில். தந்தி வந்த அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, இங்கிலீஷை மெல்லக் கூட்டி, ஏகாம்பரம் செத்துட்டாருப்பா, சண்டையில, என்றார். ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போது முதலில் என்ன தோன்றியது. அழுகை வரவில்லை. இல்லையே, நான் இங்கேதானே நிற்கிறேன், என்று தோன்றியது. ஏதோ தப்பிவிட்ட மாதிரி ஒரு மூச்சு வந்தது, நெஞ்சு நிறைய வந்தது, அதற்குப் பிறகுதான் யார் செத்தது என்று உறைத்தது. அந்த ஒரு மூச்சு. ஐம்பது வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவளிடம் சொன்னதில்லை, கோவிலில்கூடச் சொன்னதில்லை. சைக்கிள் அப்போது எதிரே சுவரில் சாத்தியிருந்தது. மறுநாள் அதை ஆம்பூர்க்காரன் ஒருத்தனிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார். பேரம் பேசாமல் விற்றது அது ஒன்றுதான்.

விசில் கேட்டது. வண்டி வந்துடுச்சு, வண்டி வந்துடுச்சு. பழைய பட்டாளத்துக்காரர்கள் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், தொந்தியை உள்ளே இழுத்தார்கள். கர்னல் இறங்கினார், நரைத்த மீசை, கையில் கம்பு, மன்னிச்சுக்குங்க, கேட்டு, என்று அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். தரகர் எழுந்தார். இப்போது எழுந்தால்தான் முன்னால் நிற்க முடியும். மைக்காரன் பக்கமாக ரெண்டு எட்டு வைத்தார், அப்போது தோளில் கிடந்த துண்டு இழுபட்டது. அண்ணிதான். துண்டின் முனையை இழுத்து அவர் கைமேல் போட்டாள், அதற்கு அடியில் தன் கையை விட்டாள், அவருடைய அஞ்சு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிக் கெட்டியாக மூடிப் பிடித்தாள். தரகன் வீட்டில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவள். இந்த மாடு விக்கறதுக்கு இல்ல, ஓட்டிக்கினு போ, என்று சொல்ல வேண்டுமானால் அப்படித்தான் பிடிப்பார்கள். உதறலாம். உதறினால் போதும். கிழட்டு எலும்பு, சுள்ளி மாதிரி இருக்கிறது, ஒரு உதறு தாங்காது. அவர் உதறவில்லை, அழுத்தவும் இல்லை. கை அப்படியே இருந்தது.

கர்னல் கயிற்றை இழுத்தார். வேட்டி அவிழ்ந்து அண்ணன் முகம் வெளியே வந்தது, இருபத்தஞ்சு வயசு முகம், கூட்ரோடைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டு. கைதட்டல். கோணி அவிழவில்லை, முடிச்சு இறுகியிருந்தது. மாசிலாமணி பல்லால் கடித்தார். கோணி சரிந்தது. மேலே பெரிசாகத் தங்க எழுத்து, ஏகாம்பரம். பிறந்தது, செத்தது, ரெண்டு தேதி, முதல் தேதி தன்னுடையது, ரெண்டாவது அவனுடையது. அதற்குக் கீழே பட்டாளம், பதக்கம். அதற்குக் கீழே வெறும் கறுப்பு. வெறும் கறுப்புதான், ஒன்றுமில்லை, நாய்ப்பயல் ஏமாற்றிவிட்டான், வாய்க்குள் வார்த்தை திரண்டுவிட்டது, மைக்காரனைப் பார்க்கத் திரும்பினார், அப்போது மாசிலாமணி கோணியின் கடைசிச் சுருளைக் காலால் ஒதுக்கினார். தரையை ஒட்டி, ஒரு விரல்கடை உயரத்தில், வண்ணம்கூட அடிக்காமல் கொத்தியிருந்தது. கல் உபயம், பொன்னுரங்கம். மாசிலாமணி இவர் பக்கம் பார்த்து, திருப்தியா, என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

முதல்ல அம்மா வந்து மலரஞ்சலி செலுத்தணும், என்றது மைக்கு. அண்ணி எழுந்தாள், அவர் கையை விடவில்லை, துண்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டே போனாள். ரோஜா இதழைத் தட்டில் நீட்டினார்கள், அதைத் தொடவில்லை. கல்லுக்கு முன்னால் கஷ்டப்பட்டுக் குந்தினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எது தம்பி, என்றாள், பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடக் கேட்காத குரலில். தரகர் குந்தினார், முழங்கால் மடிந்தது. அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய் பொன்னுரங்கம் என்ற எழுத்துமேல் வைத்தார். அவள் விரல் முதல் எழுத்தின் மூலையில் இறங்கி, ஏறி, மெதுவாக, ஒவ்வொரு பள்ளமாகக் கடைசி வரைக்கும் போயிற்று. திரும்ப முதலிலிருந்து போயிற்று. பிறகு மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து அந்த ஒரு முழம் கதம்பத்தையும் அந்த வரிமேலேயே வைத்தாள்.

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். தோ பார்றா, புருசனோட அண்ணனுக்குப் பூ வெக்குது கெழவி. இன்னும் ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாசிலாமணி பதறி ஓடிவந்தார். அம்மா, அம்மா, அது தரகரு பேரும்மா, உபயம் குடுத்தவரு. உயிரோட இருக்கறவரு பேருக்கு அப்படியெல்லாம் வெக்கக்கூடாதும்மா, அபசகுனம். மேல, மேல வைய்யி. குனிந்து பூவை எடுக்கக் கை நீட்டினார். தரகர் அந்தக் கையைப் பிடித்தார். சந்தையில் பிடிக்கிற பிடி. மாசிலாமணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார், சண்டைக்குத் தயாராக, ஆனால் அங்கே சண்டை எதுவும் இல்லை. ஒலிபெருக்கியில், வீரரின் சகோதரர் திரு. பொன்னுரங்கம் அவர்கள் இரண்டு வார்த்தை, என்று கூப்பிட்டார்கள். இந்தத் தரம் கழுத்து திரும்பவில்லை. உன்னத்தான்யா கூப்புடறாங்க, என்றார் மாசிலாமணி. தரகர் அவர் உள்ளங்கையை ஒருதரம் அழுத்தி விட்டுவிட்டார்.

இருக்கட்டும் வுடு சுபேதாரே, என்றார். சேர வேண்டிய எடத்துலதான் வெச்சிருக்கு.